நாஸில் குடியிருக்கும் மெயில் சர்வருக்கு பேக்கப்: முழுமையான வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, நான் பார்த்துக்கொண்டிருந்த அலுவலகத்தில் எல்லாப் பெட்டிகளும் அணைந்தன. கரண்ட் வந்ததும் மெயில் சர்வர் ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டது. மெயில்களை வைத்திருந்த நாஸ் என்ற சேமிப்புப் பெட்டி எழுவதற்கு இன்னும் சில நிமிடங்கள் பிடித்தன. அதற்குள் சர்வர் அதை மவுண்ட் செய்ய, அதாவது தன் ஃபோல்டர் போல இணைத்துக்கொள்ளப் பார்த்து, முடியாமல், பேசாமல் இருந்துவிட்டது. விடியற்காலை 2 மணிக்கு நான் எழுதி வைத்த பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடியது. மெயில் ஃபோல்டரைப் பார்த்தது, காலி. மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடு என்று நான்தானே சொல்லியிருந்தேன்? சொன்னதைச் செய்தது. காலையில் லாக்கைத் திறந்தால் ‘வெற்றி’ என்று இருந்தது.

மெயில்கள் நாஸில் பத்திரமாகத்தான் இருந்தன. போனது பேக்கப் மட்டும். ஆனால் அதே வாரம் நாஸும் படுத்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. கீழே உள்ள படிகளில் பாதி அந்தக் காலையில் கற்றுக்கொண்டவை.

நாஸ் என்றால் நெட்வொர்க்கில் இணைத்து எல்லாரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி. சினாலஜி, க்யூநாப், ட்ரூநாஸ் எதுவானாலும் சரி. நான் எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது: ஒரு லினக்ஸ் சர்வர், அதில் மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும், அதைப் பெட்டியில் போட்டுப் படிக்கக் கொடுக்கும் டவ்காட்டும், மெயில்கள் மெயில்டிர் வடிவத்தில், அதாவது ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல், என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் முறை) வழியாக நாஸில், சுமார் 40 பேர். உங்கள் அமைப்பு வேறு மாதிரி இருந்தால் எங்கே மாறும் என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. ‘நாஸில் ரெய்டு போட்டிருக்கிறோமே, அப்புறம் பேக்கப் எதற்கு?’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ரெய்டு என்பது ஒரே தகவலை இரண்டு டிஸ்கில் வைப்பது போன்ற ஏற்பாடு; ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். தவறாக அழித்ததை இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழிக்கும். 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயிலின் சேமிப்பு மென்பொருளில் செய்த ஒரு மாற்றத்தில் இருந்த பிழையால், சுமார் 0.02 சதவீதம் பேருடைய பெட்டிகள் காலியாகத் தெரிந்தன. கூகுள் பல டேட்டா சென்டர்களில் நகல் வைத்திருந்தது. பிழை அந்த நகல்களையும் தொட்டுவிட்டது. மெயில்களைத் திருப்பிக் கொடுத்தது, நெட்வொர்க்கில் இருந்து விலகி இருந்த டேப்புகள்தான். கேட்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.

படி 1: எது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்

மெயில் நாஸில் இருக்கிறது என்பதாலேயே நாஸை நகலெடுத்தால் போதும் என்று தோன்றும். போதாது. சர்வரின் சொந்த டிஸ்கில் இருப்பவற்றை மறந்தால், மெயில்கள் கையில் இருக்கும், திறக்கச் சர்வர் இருக்காது.

ஒரு தாளில் எழுதுங்கள்: போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் கான்ஃபிக் ஃபைல்கள், பயனர் பட்டியலும் பாஸ்வேர்டு ஹேஷும் இருக்கும் டேட்டாபேஸ், ஏலியஸ்கள் (ஒரு பெட்டிக்கான மாற்று முகவரிகள்), ஒவ்வொருவரும் போட்டு வைத்திருக்கும் சீவ் வடிகட்டிகள் (மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதிகள்), போகும் மெயிலில் கையொப்பமிட உதவும் டிகேஐஎம் தனிச்சாவி, இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் சான்றிதழ், ஸ்பேம் வடிகட்டி இத்தனை நாள் கற்றுக்கொண்ட தகவல், டிஎன்எஸ் பதிவுகளின் ஒரு பிரதி. டிகேஐஎம் சாவி போனால் புதிதாக உருவாக்கி டிஎன்எஸ்ஸில் போட்டுக்கொள்ளலாம், தலைவலி ஒரு நாளைக்குத்தான். பயனர் டேட்டாபேஸ் போனால் 40 பேருக்கும் புதுப் பாஸ்வேர்டு கொடுத்து, 40 பேருடைய போனிலும் மாற்ற வேண்டும். அதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

போஸ்ட்ஃபிக்ஸ் க்யூவும் (இன்னும் போய்ச் சேராத மெயில்களின் வரிசை) பெரும்பாலும் சர்வரின் டிஸ்கில்தான் இருக்கும். அதை நகலெடுத்தால் ஒரு நுணுக்கம் உண்டு: வழக்கமான அமைப்பில் க்யூ ஃபைலின் பெயர், ஃபைல் சிஸ்டம் அதற்குக் கொடுக்கும் ஐநோட் எண்ணோடு பிணைந்தது. மீட்டு வைக்கும்போது ஐநோட் மாறிவிடும். அதனால் மீட்டபின் போஸ்ட்சூப்பர் கமாண்டை ‘எஸ்’ ஆப்ஷனோடு ஓட்டிப் பெயர்களைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது டவ்காட்டின் இன்டெக்ஸ் ஃபைல்கள். மெயில்டிரில் இவை போனால் டவ்காட் தானே மறுபடி கட்டிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு ஃபோல்டரிலும் இருக்கும் ‘டவ்காட் யுஐடிலிஸ்ட்’ என்ற ஃபைலை மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்த மெயிலுக்கு எந்த எண் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. அது இல்லாமல் மீட்டால் அவுட்லுக்கும் தண்டர்பேர்டும் எல்லாவற்றையும் முதலில் இருந்து இறக்கும். பாப்3 (மெயிலைத் தன் மெஷினுக்கு இறக்கிக்கொள்ளும் முறை) வைத்திருப்பவர்களுக்குப் பழைய மெயில் அத்தனையும் இரண்டாவது முறை வந்து நிற்கும். மெயில்டிர் இல்லாமல் டவ்காட்டின் சொந்த வடிவமான டிபாக்ஸ் என்றால் கதையே வேறு. அங்கே படித்தது, படிக்காதது என்ற குறிகள் இன்டெக்ஸில்தான் இருக்கின்றன. ‘இன்டெக்ஸ் தேவையில்லை, விலக்கிவிடு’ என்று எங்கோ படித்ததை டிபாக்ஸில் செய்துவிடாதீர்கள்.

படி 2: கொஞ்சம் கணக்கு

40 பேர், ஆளுக்கு 8 ஜிபி என்றால் 320 ஜிபி. ஒரு மெயில் சராசரி 100 கேபி என்று வைத்தால் 32 லட்சம் ஃபைல்கள். உங்களைப் படுத்தப்போவது அந்த 320 இல்லை, இந்த 32 லட்சம்தான். ஒரு பெரிய வீடியோ ஃபைலை கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்பி வேகத்தில் இழுக்கலாம். அந்தக் கணக்கில் 320 ஜிபி 50 நிமிடம். சின்னச் சின்ன ஃபைல்களை என்எஃப்எஸ் வழியாகத் தொட்டுத் தொட்டு எடுத்தால் ஒரு இரவு போதாமல் போகலாம். ஒரு ஃபைல் மாறியிருக்கிறதா என்று கேட்க அரை மில்லிநொடி என்றாலும், 32 லட்சம் ஃபைலுக்கு 1,600 நொடி, ஒரு பைட் கூட நகலெடுக்காமலேயே.

அதனால் முடிந்தால் நகல் எடுக்கும் வேலையை மெயில் சர்வரில் ஓட்டாமல் நாஸிலேயே ஓட்டுங்கள். நெட்வொர்க் வழியாகப் போய்வருவது மிச்சம்.

வெளியூருக்கோ கிளவுடுக்கோ அனுப்புவதென்றால், 20 எம்பிபிஎஸ் அப்லோடில் 320 ஜிபி போக 35 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் லைன் முழுக்க இதற்கே கொடுத்தால். முதல் நகலை ஒரு டிஸ்கில் எடுத்துக் கையோடு கொண்டுபோய் வைத்துவிட்டு, அன்றாட மாற்றங்களை மட்டும் லைனில் அனுப்புவது புத்திசாலித்தனம்.

படி 3: அசையாமல் பிடித்து வையுங்கள்

மெயில்டிரை ஓடும்போதே நகலெடுக்கலாம் என்று பலர் சொல்வார்கள். ஓரளவு உண்மை. மெயில் முதலில் ‘டெம்ப்’ ஃபோல்டரில் எழுதப்பட்டு, முழுதாக எழுதி முடிந்த பிறகுதான் ‘நியூ’வுக்கு நகரும், அதனால் அரைகுறை மெயில் நகலில் வராது. ஆனால் ஒருவர் தன் பெட்டியைத் திறந்ததும் மெயில் ‘நியூ’வில் இருந்து ‘கர்’ ஃபோல்டருக்குப் போகும், படித்ததும் பெயரின் வாலில் ‘படித்தாயிற்று’ என்பதற்கான எழுத்தும் சேரும். நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் ‘கர்’ஐப் பார்த்து முடித்து ‘நியூ’வுக்குப் போவதற்குள் இது நடந்தால் அந்த மெயில் இரண்டிலும் அகப்படாது. சில சமயம் பட்டியலில் எழுதிக்கொண்ட ஃபைல் எடுக்கப் போகும்போது காணாமல் போயிருக்கும். ஆர்சிங்க் 24 என்ற பிழை எண்ணோடு முடிவது அதனால்தான்.

நாஸ் நமக்குக் கைகொடுக்கும் இடம் இது. பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் உள்ள நாஸில் ஸ்நாப்ஷாட் எடுக்கச் சில நொடிதான். அந்த நொடியில் இருந்த நிலை அப்படியே உறைந்து நிற்கும்; நகல் அதிலிருந்து நிதானமாக எடுக்கலாம். நான் செய்யும் வரிசை:

1. டேட்டாபேஸை டம்ப் (முழுவதையும் ஒரு ஃபைலாக) எடுத்து, கான்ஃபிக் நகல்களோடு நாஸில் மெயில் இருக்கும் அதே ஷேருக்குள், பயனர்கள் கை படாத ஒரு ஃபோல்டரில் போடுகிறேன். மெயிலும் பயனர் பட்டியலும் ஒரே ஸ்நாப்ஷாட்டுக்குள் வந்துவிடும்.
2. டவ்காட்டை நிறுத்துகிறேன். போஸ்ட்ஃபிக்ஸ் வருவதை வாங்கிக் க்யூவில் வைத்துக்கொள்ளும்.
3. சர்வரில் சிங்க் கமாண்ட் கொடுத்து, எழுதாமல் மீதி இருப்பதை நாஸுக்குத் தள்ளுகிறேன்.
4. நாஸில் ஸ்நாப்ஷாட்.
5. டவ்காட்டைத் திரும்ப ஓட விடுகிறேன்.

மொத்தம் அரை நிமிடம்கூட ஆகாது. விடியற்காலையில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ‘நிறுத்தினால் மெயில் தொலைந்துவிடுமே’ என்று பயப்பட வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸையே நிறுத்தினாலும் அனுப்பும் சர்வர் விட்டு விட்டு முயலும். எஸ்எம்டிபி விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 5321, நான்கைந்து நாளாவது முயலச் சொல்கிறது.

டவ்காட்டில் என்எஃப்எஸ் இருக்கும்போது ‘மெயில் எஃப்சிங்க்’ அமைப்பை ‘ஆல்வேஸ்’ என்று வைத்திருக்கிறீர்களா என்றும் பார்த்துவிடுங்கள். அது இல்லையென்றால், வந்து சேர்ந்ததாகச் சொன்ன மெயில் இன்னும் சர்வரின் மெமரியிலேயே இருக்கலாம்.

படி 4: நகல் எடுங்கள், ஆனால் காவல் போட்டு

என் ஞாயிற்றுக்கிழமை திரும்ப வராமல் இருக்க நான்கு காவல்.

மெயில் ஷேருக்குள் ஒரு சின்ன அடையாள ஃபைல் வையுங்கள். ஸ்கிரிப்ட் முதல் வேலையாக அது இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் கத்திவிட்டு நிற்கட்டும். இந்த ஒரு வரி அன்று இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் முதல் பத்தி இருந்திருக்காது.

இரண்டாவது, ஆர்சிங்க்கில் ஒரே ஓட்டத்தில் இத்தனைக்கு மேல் அழிக்காதே என்று வரம்பு போடும் ‘மேக்ஸ் டெலீட்’ ஆப்ஷன் இருக்கிறது. உங்கள் ஆட்கள் ஒரு நாளில் அழிப்பது சில ஆயிரம் மெயில் என்றால், அதைவிடக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

மூன்றாவது, மவுண்ட் ஆகாதபோது சர்வரில் தெரியும் அந்தக் காலி டைரக்டரியை யாரும் எழுத முடியாதபடி பூட்டுங்கள். லினக்ஸில் ‘சேட்டர்’ கமாண்டால் ‘இம்யூட்டபிள்’ ஆக்கலாம். நாஸ் மவுண்ட் ஆகாத நேரத்தில் டவ்காட் எழுந்தால் வரும் மெயில்களை அந்தக் காலி இடத்தில் எழுதத் தொடங்கும். பிறகு நாஸ் மவுண்ட் ஆனதும் அவை அடியில் மறைந்துபோகும். பயனர் ‘காலை 8 மணி மெயில் இருந்தது, இப்போது காணோம்’ என்பார். நீங்கள் பேய் பிடித்த மாதிரி தேடுவீர்கள்.

நான்காவது, லினக்ஸில் சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டியில் டவ்காட் சேவைக்கு ‘ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார்’ என்ற வரியைச் சேருங்கள். மவுண்ட் இல்லாமல் சேவையே எழாது.

அடுத்து, எதைக் கொண்டு எடுப்பது? ஆர்சிங்க்கும் ஹார்ட்லிங்க்கும் (மாறாத ஃபைலை மறுபடி எழுதாமல் பழையதையே சுட்டுவது) சேர்ந்த பழைய முறை மோசமில்லை. ஆனால் மெயில்டிருக்கு நான் போர்க் அல்லது ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவியைத்தான் சொல்வேன். மெயிலைப் படித்தாலே ஃபைல் பெயர் மாறுகிறது அல்லவா? ஆர்சிங்க் அதைப் பழையது அழிந்தது, புதியது வந்தது என்று எடுத்துக்கொண்டு முழு ஃபைலையும் மறுபடி இழுக்கும். போர்க்கும் ரெஸ்டிக்கும் உள்ளடக்கத்தைப் பார்ப்பதால், பெயர் மாறினாலும் உள்ளே இருப்பதைத் திரும்பச் சேமிப்பதில்லை. என்கிரிப்ஷனும் கூடவே வருகிறது.

டவ்காட்டின் சொந்தக் கருவியான டவ்அட்ம் பேக்கப்பும் நல்லதுதான். மெயில் எண்களைக் காப்பாற்றிக்கொண்டு இன்னொரு டவ்காட் சர்வருக்குக் கொண்டுபோகும். ஆனால் அது கண்ணாடி மாதிரி: மூலத்தில் அழிந்தது அங்கேயும் அழியும். அந்தப் பக்கமும் ஸ்நாப்ஷாட் இருந்தால்தான் அதைப் பேக்கப் என்று சொல்வேன்.

இரண்டு குழிகளைச் சொல்லாமல் போகக்கூடாது. என்எஃப்எஸ்ஸில் வழக்கமாக ‘ரூட் ஸ்குவாஷ்’ போட்டிருப்பார்கள். சர்வரில் ரூட்டாக இருந்தாலும் நாஸ் உங்களை யாரோ ஒருவராகத்தான் பார்க்கும். மெயில் ஃபோல்டர்களைப் படிக்க விடாது. மெயில்களுக்குச் சொந்தமான பயனராக ஓட்டுங்கள், அல்லது நாஸில் ஓட்டுங்கள். இன்னொன்று, மெயில்டிர் ஃபைல் பெயரில் முக்காற்புள்ளி குறி வரும். விண்டோஸ் உலகத்து ஃபைல் சிஸ்டங்களில் அந்தக் குறி பெயரில் வரக்கூடாது. யுஎஸ்பி டிஸ்க் எக்ஸ்ஃபேட்டிலோ என்டிஎஃப்எஸ்ஸிலோ இருந்தாலும், எஸ்எம்பி ஷேரில் கொண்டுபோய்க் கொட்டினாலும், ஃபைல்கள் போகாமல் போகலாம் அல்லது பெயர் சிதையலாம். போர்க்கும் ரெஸ்டிக்கும் தங்கள் களஞ்சியத்துக்குள் அடைத்து வைப்பதால் இந்தத் தொல்லையும் இல்லை.

உங்கள் அமைப்பு வேறு மாதிரி இருந்தால்

மெயில் சர்வர் நாஸில் உள்ள ஐஸ்கசி வட்டில் (நெட்வொர்க் வழியாகச் சர்வருக்குச் சொந்த டிஸ்க் போலத் தெரியும் இடம்) இருக்கிறது என்றால், நாஸுக்கு அது ஒரே பெரிய ஃபைல் மாதிரி. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஸ்நாப்ஷாட் எடுக்கலாம், அது கரண்ட் திடீரென்று போனால் டிஸ்க் எப்படி இருக்குமோ அந்த நிலைதான். முன்னால் சேவையை நிறுத்தி சிங்க் கொடுப்பது இங்கே இன்னும் முக்கியம். பேக்கப் எடுக்க அதே வட்டை இன்னொரு மெஷினிலும் சேர்த்து மவுண்ட் செய்யலாமே என்ற யோசனை வந்தால், அதைக் கைவிடுங்கள். சாதாரண ஃபைல் சிஸ்டம் இரண்டு எஜமானர்களைத் தாங்காது, உடைந்துவிடும்.

மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் வைத்திருப்பவர்கள் விஎஸ்எஸ் (விண்டோஸின் ஸ்நாப்ஷாட் வசதி) தெரிந்த பேக்கப் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். அது முழுதாக முடிந்தால்தான் எக்ஸ்சேஞ்ச் தன் பரிவர்த்தனை லாக்குகளைக் கழிக்கும். இல்லையென்றால் லாக் வளர்ந்து வளர்ந்து டிஸ்க் நிரம்பி, மெயில் நிற்கும்.

சினாலஜியில் மெயில்பிளஸ் சர்வர் பேக்கேஜே ஓடுகிறது என்றால் வேலை எளிது. ஹைப்பர் பேக்கப்பில் அந்தப் பேக்கேஜையே தேர்ந்தெடுக்கலாம். அமைப்புகளும் மெயில்களும் சேர்ந்து வரும். ஷேரை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

படி 5: வேறு இடம், வேறு சாவி

2019 பிப்ரவரியில் விஎஃப்இமெயில் என்ற மெயில் சேவைக்குள் புகுந்த ஒருவர், அமெரிக்காவில் இருந்த அதன் சர்வர்களின் டிஸ்குகளை வரிசையாக ஃபார்மேட் செய்தார். பணம் கேட்கவில்லை. பேக்கப் சர்வர்களும் அந்த வரிசையில் இருந்தன. 2001 முதல் ஓடிய சேவை. ஏறக்குறைய இருபது வருட மெயில்கள் போயின. பேக்கப் இருந்தது. அழிப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

ஆகவே மெயில் சர்வர் பேக்கப்பை ‘தள்ள’ வேண்டாம். பேக்கப் மெஷின் வந்து ‘இழுத்து’க்கொள்ளட்டும். மெயில் சர்வருக்குள் புகுந்தவருக்குப் பேக்கப் மெஷினின் பாஸ்வேர்டு எங்கேயும் கிடைக்கக்கூடாது. தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால், போர்க்கிலும் ரெஸ்டிக்கின் சர்வரிலும் ‘சேர்க்கலாம், அழிக்க முடியாது’ என்ற முறை இருக்கிறது, அதைப் போடுங்கள். சினாலஜியின் இயங்குதளமான டிஎஸ்எம் 7.2 முதல், குறித்த நாள் வரை அட்மினாலும் அழிக்க முடியாத ஸ்நாப்ஷாட் எடுக்கலாம், மாடல் அதை ஏற்றால்.

நாஸின் அட்மின் பக்கத்தை இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். 2021 ஏப்ரலில் க்யூலாக்கரும் 2022 ஜனவரியில் டெட்போல்ட்டும் இணையத்தில் நேராகத் தெரிந்த க்யூநாப் பெட்டிகளைத்தான் பூட்டிப் பணம் கேட்டன.

என்கிரிப்ஷன் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி உறையில் போட்டு, சர்வர் இல்லாத வேறு கட்டடத்தில் வையுங்கள். அதை மெயிலில் உங்களுக்கே அனுப்பி வைத்திருந்தால்... சரி, நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 6: எத்தனை நாள் வைப்பது

‘மார்ச்சில் ஒரு ஒப்பந்த மெயில் வந்ததே, காணோம்’ என்ற கேள்வி ஆகஸ்டில்தான் வரும். தினசரி 14, வாராந்திரம் 8, மாதாந்திரம் 12 என்று வைத்திருக்கிறேன். உங்கள் கணக்காளரும் வக்கீலும் வேறு சொன்னால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். நாஸ் ஸ்நாப்ஷாட்டுகளை இரண்டு வாரத்துக்கு மேல் அடுக்காதீர்கள். அழித்த மெயில்கள் இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

படி 7: தோற்றால் யார் சொல்வது

பேக்கப் தோற்றால் மெயில் வரும்படி வைப்பது எல்லாரும் செய்வது. மெயில் சர்வரின் பேக்கப் தோற்றதை அதே மெயில் சர்வர் வழியாக அனுப்புவதில் உள்ள வேடிக்கை சிலருக்குத்தான் உறைக்கும். மென்பொருள் கோடைச் சேமித்துப் பகிரும் சேவையான கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று தயாரிப்பு டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தபோது, மீட்கப் போய்ப் பார்த்தால் தினசரி டம்ப் இல்லவே இல்லை. பதிப்பு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொன்ன மெயில்கள், அனுப்பியவர் நிஜமா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. இதை மறைக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள்.

எச்சரிக்கை டெலிகிராமிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வரட்டும். இன்னும் நல்லது, தலைகீழாக வைப்பது: பேக்கப் முடிந்ததும் வேறொரு மெஷினுக்கு ‘முடிந்தது’ என்று செய்தி போகட்டும், குறித்த நேரத்துக்குள் செய்தி வரவில்லை என்றால் அந்த மெஷின் கத்தட்டும். ஸ்கிரிப்டே ஓடாத நாளையும் இதுதான் பிடிக்கும். செய்தியோடு நகலில் உள்ள ஃபைல் எண்ணிக்கையையும் அனுப்புங்கள். நேற்று 32 லட்சம், இன்று 11 என்றால் கண்ணில் குத்தும்.

படி 8: மீட்டுப் பாருங்கள்

மூன்று அளவில் ஒத்திகை.

மாதம் ஒரு முறை, ஒரே ஒரு மெயில். யாராவது ஒருவருடைய சம்மதத்தோடு அவர் பெட்டியில் இருந்து எடுங்கள். பேக்கப்பில் இருந்து அவருடைய மெயில்டிரைத் தனி இடத்தில் இறக்கி, டவ்அட்ம் இம்போர்ட் மூலம் ‘மீட்டது’ என்ற புது ஃபோல்டருக்குள் கொண்டுவாருங்கள். பழைய ஃபைல்களை நேராக உயிருள்ள பெட்டியின் மேல் கொட்டாதீர்கள். இடையில் வந்த மாற்றங்களோடு மோதும்.

காலாண்டுக்கு ஒரு முறை, ஒருவருடைய முழுப் பெட்டி, ஒரு சோதனை சர்வரில். இங்கேதான் உரிமைச் சிக்கல்கள் வெளிவரும். என்எஃப்எஸ்ஸின் வழக்கமான அமைப்பில் பயனரின் பெயரைவிட எண்தான் பேசும். பழைய சர்வரில் மெயில் பயனரின் எண் 5000, புதியதில் 1001 என்றால் எல்லா ஃபைலும் இருக்கும், ஒன்றும் திறக்காது.

வருடம் ஒரு முறை, எல்லாம் எரிந்துபோனது என்று வைத்துக்கொண்டு. புது விர்ச்சுவல் மெஷின், காலி நாஸ் ஷேர், கையில் பேக்கப்பும் உறையில் உள்ள பாஸ்வேர்டும் மட்டும். முதலில் கான்ஃபிக், பிறகு பயனர் டேட்டாபேஸ், அப்புறம் போஸ்ட்ஃபிக்ஸ். நிஜமாக நடந்தால் டவ்காட்டைத் திறக்காமல் போஸ்ட்ஃபிக்ஸை மட்டும் ஓடவிட்டு, வருகிற மெயிலைக் க்யூவில் பிடித்து வைத்துக்கொண்டு, பழைய மெயில்களை இறக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸ் எதையும் மாற்றாவிட்டால் 5 நாள் வரை க்யூவில் வைத்திருக்கும். 32 லட்சம் ஃபைலை இறக்க அந்த அவகாசம் தேவைப்படும்.

ஒவ்வொரு ஒத்திகைக்கும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘எப்போது மெயில் வரும்?’ என்று முதலாளி மேசைக்கு முன்னால் வந்து நிற்கும் நாளில், அந்தத் தாளைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்லலாம்.